இரவில் வீறிட்டு அழும் குழந்தை

குழந்தைகளின் மூட்டு வலியைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதிய பிறகு வந்த கடிதக் கட்டில், ஐந்து கடிதங்கள் ஒரே நோயைப் பற்றியவை: எலும்பில் வரும் காசநோய். 34 ஆண்டுகளாகக் குழந்தைகளின் எலும்பையும் மூட்டையும் பார்த்து வருகிறவள் நான். அதில் பாதிக்கு மேல் அரசு மருத்துவமனைகளில். நேரத்தோடு வந்த குழந்தை ஒரே வருடத்தில் பாண்டி ஆடியதையும் பார்த்திருக்கிறேன். நாலு மாதம் தாமதித்து வந்த குழந்தை வாழ்நாள் முழுக்கக் காலைத் தாங்கி நடந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இந்த ஐந்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எங்கள் மகளுக்கு மூன்று வயது. இரண்டு மாதமாக வலது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாள். திண்ணையிலிருந்து விழுந்ததால் என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிட்டோம். முட்டி வலிக்கிறது என்றாள். முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்ததில் ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, இடுப்பு மூட்டில் டிபி இருக்கலாம், சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள். இருமலே இல்லாத குழந்தைக்கு டிபி எப்படி வரும்? இவ்வளவு சின்னப் பிள்ளைக்குச் சதை எடுப்பது அவசியம்தானா?
— வாசகி, ஆரணி

இருமலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 'காசம்' என்ற சொல்லுக்கே இருமல் என்றுதான் பொருள். அந்தப் பெயர்தான் பல பெற்றோரைத் திசைதிருப்பி விடுகிறது. கிருமி மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போவது உண்மை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது அங்கேயே அடங்கிவிடும். அடங்கும் முன்பே சில கிருமிகள் ரத்தத்தில் கலந்து, ரத்த ஓட்டம் மிகுந்த எலும்பின் வளரும் முனைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து அங்கிருந்து கிளம்பும். அதற்குள் நுரையீரலில் சுவடே இல்லாமல் போயிருக்கலாம். எலும்புக் காசநோயில் ஏறக்குறைய பாதி முதுகெலும்பில் வருகிறது. அடுத்தபடியாக இடுப்பிலும் முட்டியிலும். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு விரல் எலும்புகூட வலியில்லாமல் உருண்டு திரண்டு வீங்கும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். இரவில் தூக்கத்தில் திடீரென்று வீறிட்டு அழுகிறாளா? பகலில் நோய்ப்பட்ட மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் இறுகி, மூட்டை அசையவிடாமல் காவல் காக்கும். தூங்கியதும் தசை தளரும், மூட்டு அசையும், வலி சுரீரென்று பிடிக்கும். அலறிவிட்டு மறுபடி தூங்கிவிடுவாள். காலையில் கேட்டால் அவளுக்கு நினைவே இருக்காது. "எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள்" என்று மந்திரித்துக் கயிறு கட்டி அழைத்து வந்த எத்தனையோ குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். கயிறு கையில் இருக்கட்டும். ஆனால் தாங்கி நடக்கும் குழந்தை இரவிலும் அலறினால் அந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முட்டியைக் காட்டினாள் என்றதும் எனக்கு ஒரு பையன் நினைவுக்கு வந்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நாலு வயது. "முட்டி" என்றான், முட்டியைப் பார்த்தேன், முட்டிக்கு எக்ஸ்ரே எழுதினேன், நன்றாக இருக்கிறது என்று சத்து டானிக் கொடுத்து அனுப்பினேன். இடுப்பு மூட்டின் வலி அதே நரம்பு வழியாக முட்டியில் தெரியும் என்பது நான் பரீட்சையில் எழுதிய பாடம்தான். நூறு பேர் வரிசையில் நின்ற அந்தக் காலை வேளையில் அவனைப் படுக்க வைத்து இடுப்பைச் சுழற்றிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நாலு மாதம் கழித்து வந்தபோது இடுப்பு மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, தொடை மடங்கியபடியே நின்றுவிட்டிருந்தது. நோய் குணமானது. மூட்டு திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து முட்டி வலி என்று எந்தக் குழந்தை வந்தாலும் இடுப்பைத் தொடாமல் நான் அனுப்பியதில்லை.

விழுந்ததால் வந்த வலி நாளுக்கு நாள் குறையும். மூன்று வயதுக் குழந்தை தினமும் விழத்தான் செய்யும், எனவே யோசித்தால் ஒரு விழுகை எப்போதும் நினைவுக்கு வரும். இரண்டு வாரம் தாண்டியும் தாங்கி நடந்தால் அந்த விழுகையை மறந்துவிட்டு வேறு காரணத்தைத் தேட வேண்டும். உருவுவதை இன்றோடு நிறுத்துங்கள். நோய்ப்பட்ட மூட்டுக்கு வேண்டியது ஓய்வு. (கடும் காய்ச்சலோடு காலை அசைக்கவே விடாமல் கத்தினால் அது சீழ் மூட்டாக இருக்கலாம். அதற்கு இரண்டு வாரம் அல்ல, இரண்டு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.)

இனி சதைப் பரிசோதனை. எலும்பில் மூன்றில் ஒரு பங்குச் சுண்ணாம்பாவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். ஆகவே ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததில் வியப்பில்லை. எம்.ஆர்.ஐ. முன்னதாகவே காட்டிக்கொடுக்கும், இங்கே ஏதோ நடக்கிறது என்று இடத்தைச் சொல்லும், ஆனால் நோயின் பெயரை உறுதியாகச் சொல்லாது. சாதாரணச் சீழ்க் கிருமியும், சில எலும்புக் கட்டிகளும், ரத்தப் புற்றுநோயும்கூட இதே போல வந்து நிற்கும். இ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு எந்த அழற்சியிலும் ஏறும். கையில் ஊசி போட்டு மூன்றாம் நாள் தடிப்பு அளக்கும் மான்டூ சோதனை, கிருமி எப்போதோ உள்ளே போயிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். மெலிந்த குழந்தைக்கு நோய் இருந்தும் தடிக்காமல் போகலாம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்து "டிபி பாசிட்டிவ்" என்று சொல்லும் சோதனைகளை நம் அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. யாராவது அதைக் காட்டினால் ஒதுக்கிவிடுங்கள்.

அதனால்தான் சதை வேண்டும். மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள், அவளுக்கு வலி தெரியாது. அம்மா, அறுவை அரங்குக்குள் அவளை அனுப்பும் முன் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எத்தனை பாட்டிலில் அனுப்புவீர்கள்?" குறைந்தது இரண்டாவது வேண்டும். ஒன்று ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில், நுண்ணோக்கியில் திசுவைப் பார்ப்பதற்கு. இன்னொன்று ஃபார்மலின் கலக்காமல், உப்புத் தண்ணீரில், கிருமியைத் தேடுவதற்கு. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். அதன் பிறகு வளர்த்துப் பார்க்கவே முடியாது. இரண்டு வயதுக் குழந்தையின் முதுகெலும்பிலிருந்து அத்தனை பாடுபட்டு எடுத்த சதை முழுவதையும் ஒரே ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்பிவிட்டு என்னிடம் வந்த குடும்பம் ஒன்று உண்டு. திசு அறிக்கை காசநோய் என்றது. எந்த மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்று சொல்ல ஆளில்லை. நான்கு மாதம் மருந்து கொடுத்தும் சீழ் வற்றவில்லை. மறுபடி அறுத்தோம். மருந்துக்கு அடங்காத கிருமி. அந்த நான்கு மாதத்தை அந்தக் குழந்தைக்கு யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

உப்புத் தண்ணீர் பாட்டிலில் போகும் சதையில் சிபிநாட் என்ற சோதனை செய்வார்கள். கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்ற இரண்டையும் அது சில மணி நேரத்தில் சொல்லிவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம் வரை ஆகலாம். எலும்பில் கிருமிகள் மிகக் குறைவு, அதனால் சிபிநாட் 'இல்லை' என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. அப்போது திசு அறிக்கை, எம்.ஆர்.ஐ., வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்ற விவரம், எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவெடுப்போம். இதற்கிடையில் லெவோஃப்ளாக்சசின், அமிகாசின், லினிசோலிட் போன்ற மருந்து எதையாவது அவளுக்குக் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவை காசநோய்க் கிருமியைப் பாதி அமுக்கிவைத்துச் சோதனை முடிவைக் கெடுக்கும்.

என் மகனுக்கு ஐந்து வயது. முதுகெலும்பில் டிபி என்று மருந்து தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. வலி போய்விட்டது, எடை கூடியிருக்கிறது, ஓடுகிறான். ஒரு வருடம் தர வேண்டும் என்கிறார்கள். இவ்வளவு நாள் மருந்து உடம்பைக் கெடுக்காதா? முதுகில் லேசாக ஒரு புடைப்பு இருக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டுமா?
— வாசகர், திண்டுக்கல்

நான்காம் மாதத்தில் நிறுத்தாதீர்கள் ஐயா. வலி போனது வேகமாகப் பெருகும் கிருமிகள் செத்ததால். எலும்பின் இறந்த பகுதிக்குள் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு ஒளிந்திருப்பவை மிச்சம் இருக்கின்றன. மருந்து அங்கே ஊறிப் போகவே காலம் பிடிக்கும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு பத்து மாதம் மூன்று மருந்து என்பது நம் நாட்டுத் திட்டத்தின் வழக்கமான கணக்கு. சில குழந்தைகளுக்கு இன்னும் நீட்ட வேண்டி வரும். பாதியில் விட்டுத் திரும்பி வரும் நோய்க்குத் தர வேண்டிய மருந்துகள்தான் உடம்பைப் படுத்தும்.

இவ்வளவு காலம் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட முடிவதற்கு நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு காலத்தில் காசநோய் என்றால் தாம்பரம் சானடோரியம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் படுக்கைதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்தவர்களும் ஒரே அளவு குணமாவதை 1959-ல் உலகத்துக்குக் காட்டியது. அது நுரையீரலுக்கு. முதுகெலும்புக்கோ, கொரியாவில் நடந்த ஆய்வுகள் படுக்கையும், உடம்பைச் சுற்றிப் போடும் மாவுக்கட்டான மாவுச் சட்டையும் மருந்துக்கு மேல் எந்த நன்மையும் செய்யவில்லை என்று காட்டின. பிறகு சென்னையிலும், நடமாடிக்கொண்டே மருந்து சாப்பிட்ட முதுகெலும்பு நோயாளிகள் பெரும்பாலோர் அறுவை இல்லாமலே தேறினார்கள். நான் மேற்படிப்பு படித்த வார்டின் மூலையில் பழைய மாவுச் சட்டை ஒன்று கிடந்தது. ஆறேழு வயதுக் குழந்தையின் மார்பளவு. அதற்குள் ஒரு குழந்தை எத்தனை கோடையைக் கழித்ததோ என்று நினைத்துக்கொள்வேன்.

எனவே அறுவை எல்லாருக்கும் இல்லை. கால் பலமிழந்தால், பெரிய சீழ்க்கட்டி அழுத்தினால், மருந்துக்கு மசியாவிட்டால், கூன் வளரும் என்று தெரிந்தால் அறுவை. இந்தக் கடைசிக் காரணம்தான் உங்கள் மகன் விஷயத்தில் எனக்குக் கவலை. வளர்ந்தவருக்கு நோய் ஆறியதும் வளைவும் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். குழந்தைக்கு அப்படியில்லை. முன்பக்க எலும்பு கரைந்துபோயிருக்க, பின்பக்கம் வளர்ந்துகொண்டே போனால், நோய் முழுக்க ஆறிய பிறகும் கூன் கூடலாம். கோவை முதுகெலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் இப்படி மருந்து முடித்த குழந்தைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-ல் ஆய்வு வெளியிட்டார். சில குழந்தைகளுக்கு வளைவு தானாகவே குறைந்தது. சிலருக்கு நோய் ஆறிய பிறகும் கூடிக்கொண்டே போனது. யாருக்குக் கூடும் என்பதை முன்கூட்டிச் சொல்ல எக்ஸ்ரேயில் நான்கு அடையாளங்களை அவர் காட்டினார். இன்று உலகமெங்கும் முதுகெலும்பு மருத்துவர்கள் அவற்றைப் பார்க்கிறார்கள். உங்கள் மருத்துவரிடம், "கூன் கூடும் அடையாளம் எதுவும் இருக்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள். இருந்தால் வளைவு சிறிதாக இருக்கும்போதே செய்யும் அறுவை எளிது. இல்லாவிட்டாலும், மருந்து முடிந்ததோடு கணக்கை மூடிவிடாமல், அவன் வளர்ந்து முடியும் வரை வருடத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

வீட்டில் ஒரு சோதனை. தரையில் ஒரு நாணயத்தைப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். முதுகை வளைத்து எடுத்தால் நல்லது. முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, முட்டியை மடக்கிக் குந்தி எடுத்தால் தசை இன்னும் காவல் காக்கிறது என்று பொருள். நடையில் தடுக்கி விழத் தொடங்கினாலோ, கால் விறைத்தாலோ, இதுவரை நனைக்காதவன் படுக்கையை நனைத்தாலோ அன்றே எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், தண்டுவடம் அழுந்துகிறது.

மாத்திரை தொடங்கிய மறுநாளே மகளின் சிறுநீர் ரத்தம் போலச் சிவந்துவிட்டது. பயந்து ஒருநாள் நிறுத்திவிட்டேன். அவள் எடை 11 கிலோ, இரண்டு மாத்திரை தருகிறார்கள். கூட வரும் இன்னொரு குழந்தைக்கு மூன்று. எங்களுக்கு மட்டும் ஏன் குறைவு?
— வாசகி, கிருஷ்ணகிரி

அது ரத்தம் இல்லை, ரிஃபாம்பிசினின் நிறம். கண்ணீரிலும் வியர்வையிலும்கூட வரும். இன்றே மறுபடி தொடங்குங்கள்.

மாத்திரைக் கணக்கு எடையை வைத்து: 4 முதல் 7 கிலோவுக்கு ஒன்று, 8 முதல் 11 வரை இரண்டு, 12 முதல் 15 வரை மூன்று, 16 முதல் 24 வரை நான்கு. கூடவே எத்தாம்பியூட்டால் என்ற தனி மாத்திரையும் அதே எண்ணிக்கை. உங்கள் மகள் படியின் விளிம்பில் நிற்கிறாள், அதைக் கவனியுங்கள். மருந்து வேலை செய்தால் பசி எடுக்கும், எடை ஏறும்; 12 ஆனால் மாத்திரையும் மூன்றாக வேண்டும். மூன்றாம் மாதம் 13 கிலோ ஆன குழந்தை முதல் நாள் எழுதிய சீட்டின்படி இரண்டே சாப்பிட்டுக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மாதா மாதம் எடை போடச் சொல்லுங்கள்.

தண்ணீரில் கரையும் மாத்திரை அது, வெறும் வயிற்றில் கொடுங்கள். விடாமல் வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, கண்ணில் மஞ்சள் வந்தால் மட்டும் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பொம்மையைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தாலும் சொல்லுங்கள். தினம் ஒரு முட்டை, முடிந்தால் இரண்டு. நிக்‌ஷய் பதிவு எண் (அரசின் காசநோய்ப் பதிவேட்டில் தரும் எண்) வாங்கினீர்களா? சிகிச்சை நடக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பணம் வங்கிக் கணக்கில் வர வேண்டும் (2024 நவம்பருக்கு முன்பு இது 500). தனியார் மருத்துவரிடம் பார்த்தாலும் உண்டு.

எங்கள் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கும் குழந்தைக்கு முட்டியில் டிபி. மற்றப் பெற்றோர் தனியாக உட்கார வைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— ஆசிரியை, ஆம்பூர்

எலும்பில் உள்ள கிருமி காற்றில் வராது. இருமலில்லாத சின்னக் குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குத் தொற்றாது. தட்டு, டம்ளர், பென்சில் எதனாலும் இல்லை. எல்லாரோடும் உட்கார வையுங்கள். விளையாட்டு வேளையில் குதிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெற்றோரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

டாக்டரம்மா, எனக்குப் போன வருடம் நெஞ்சில் டிபி வந்து ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு முடித்தேன். என் மகனும் மருமகளும் வேலைக்குப் போக, பேரனை நான்தான் தூக்கி வளர்த்தேன். இப்போது நாலு வயதில் அவனுக்கு முதுகெலும்பில் டிபி. பிறந்ததும் பி.சி.ஜி. ஊசி போட்டிருந்தோம். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் பார்த்துப் பேசுவதில்லை. நான்தான் கொடுத்தேனா? அவனைத் தூக்கலாமா? ஒன்றரை வயதில் பேத்தியும் இருக்கிறாள்.
— வாசகி, பட்டுக்கோட்டை

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன், அம்மா. பொய் சொல்ல மாட்டேன். சின்னக் குழந்தைக்குக் கிருமி பெரும்பாலும் வீட்டில் நெருங்கிப் பழகும் பெரியவரிடமிருந்துதான் வருகிறது, உங்களிடமிருந்து வந்திருக்கலாம். ஆனால் நீங்கள் இருமிய நாட்களில் அது டிபி என்று உங்களுக்கே தெரியாது. மருந்து தொடங்குவதற்கு முன்புதான் அது அதிகமாகப் பரவும். பி.சி.ஜி. மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்து காக்கும். எலும்பு நோயை முழுதாகத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. உங்களுக்கு நோய் என்று தெரிந்த அன்றே, அந்த வீட்டில் இருந்த ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எல்லாரையும் பரிசோதித்துத் தடுப்பு மருந்து தொடங்கியிருக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் மருத்துவத்துறையில் இருக்கும் நாங்கள். உங்கள் மருமகளிடம் இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.

பேரனைத் தாராளமாகத் தூக்குங்கள். மருந்து முழுதும் முடித்துவிட்டீர்கள், இருமலும் இல்லையென்றால் உங்களால் இனி யாருக்கும் வராது. அவன் முதுகு நோகாமல், ஒரு கை இடுப்புக்குக் கீழும் ஒரு கை முதுகிலுமாக வைத்துத் தூக்குங்கள். மறுபடி இருமலோ மாலைக் காய்ச்சலோ வந்தால் சளியைப் பரிசோதியுங்கள்.

பேத்தியைத்தான் இந்த வாரமே அழைத்துப் போக வேண்டும். அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் பழைய சிகிச்சை அட்டையைக் காட்டுங்கள். அவளுக்கு எடை, நெஞ்சு எக்ஸ்ரே, கழுத்துக் கட்டி, முதுகு, கால் எல்லாம் பார்ப்பார்கள். நோய் எதுவும் இல்லையென்று உறுதியானால் தடுப்பு மருந்து: ஐசோனியாசிட் தினமும் ஆறு மாதம். ஆறு மாதமும் நீங்களே உங்கள் கையால் கொடுங்கள்.